ஐந்தாவது படத்தில் இருந்தவள்

சேலம் பக்கம் போய் வந்தவர்கள் மாம்பழம் கொண்டுவருவார்கள். நான் கொண்டுவந்தது என் இடது கணுக்காலுக்குள் ஒரு வருஷம் ஒளிந்திருந்து, போன வாரம்தான் வெளியே தலை நீட்டியது. பெயர் நரம்புச் சிலந்தி. பார்க்க வெள்ளை நூல் மாதிரி இருக்கிறது. தினமும் காலையில் டாக்டர் வந்து அதை ஒரு தீக்குச்சியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறார். அவசரப்பட்டு இழுத்தால் உள்ளே அறுந்து கால் சீழ்பிடித்துவிடுமாம். ஆகவே காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு, பட்டணத்தில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பயணத்தை எழுதுகிறேன்.

பார்க்க வருகிறவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்தப் புழு வராமல் தடுப்பது எப்படி என்று சர்க்காருக்குப் பிரசங்கம் எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

ஜனங்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்குத் தமிழ் எழுதும் உத்தியோகம். நான் எழுதிய பிரசங்கத்தையும், கண்ணாடியில் எழுதிய ஐந்து படங்களையும், அவற்றைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் மாஜிக் லாந்தரையும் அனுப்பிச் சேலம் ஜில்லா முழுக்க ஊர் ஊராகக் காட்டினார்கள். "ஜனங்கள் பெருந்திரளாகக் கூடினர், வெற்றி அபாரம்" என்று ரிப்போர்ட்டு வந்தது. நான் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

மறு வருஷம் வைகாசியில், நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் ஓர் ஊரில், முன்பு எத்தனை பேர் காலைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டிருந்தார்களோ அத்தனை பேரும் அப்படியே போட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அப்போது எங்களுக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். "நாம் காட்டினோம், சரி. அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா?" என்றார். அப்படி ஒரு கேள்வியை அந்தக் கட்டடம் அதுவரை கேட்டதில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விசாரித்து வா என்று அச்சடித்த படிவக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். துணைக்கு, லாந்தர் பெட்டியோடு, போன வருஷம் அங்கெல்லாம் படம் காட்டிய ராயபுரம் முனுசாமி.

படிவத்தில் மூன்று கேள்விகள். படம் பார்த்தீர்களா? பிரசங்கம் புரிந்ததா? பயனடைந்தீர்களா?

முதல் நாள் அயோத்தியாப்பட்டணத்தில் வெள்ளோட்டம். ஓட்டலில் காப்பி என்று கொடுத்தார்கள். யுத்த காலம் என்பதால் அதில் என்ன வறுத்துப் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் போன வருஷம் படம் பார்த்தாராம். பிரசங்கம் எப்படி என்று ஆவலோடு கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருந்திச்சி சார். கைய கூப்பிக்கினே கேட்டோம். ஆமா, அது எந்த சாமி மேல பாடன பாட்டு?"

"அருந்தும் நீரே அருநோய்க்கு அரணாகி நிற்பதை அறியாதார் ஆருளர் அன்பர்காள்!" என்று அந்தப் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது. முனுசாமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

இரண்டாம் நாள் கரி பஸ். பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால், பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டுகிறார்கள். ஓட்டுகிறார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறுவார். நாங்கள் இறங்கித் தள்ளுவோம். இராசிபுரம் சேர்வதற்குள் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு பாதி தூரம் நடந்திருந்தோம். எங்கள் காவேரிப் பக்கத்தில் மாட்டு வண்டி இதைவிட வேகமாகப் போகும் என்றேன். "அப்ப அதுலயே வந்திருக்கலாமுங்களே," என்றார் கண்டக்டர், மரியாதை துளியும் குறையாமல்.

மூன்றாம் நாள், நாமகிரிப்பேட்டையிலிருந்து மாட்டு வண்டிதான். உச்சி வெயிலில் ஊரை நெருங்கினோம். ஊருக்கு வெளியே படிக்கிணறு. கயிறும் கிடையாது, ராட்டினமும் கிடையாது. படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை அமுக்கி எடுக்க வேண்டும். வினையே அங்கேதான். புண்ணோடு காலை வைத்தால் அதிலிருந்து தண்ணீரில் இறங்கும் புழுக்குஞ்சுகளைச் சின்னஞ்சிறு பூச்சி தின்னும். அந்தப் பூச்சியை நாம் குடிப்போம். அடுத்த வருஷம் நம் காலில் நூல் வரும். ஒரு துணியை இரண்டாக மடித்து வடிகட்டினால் பூச்சி துணியில் தங்கிவிடும். சமாசாரம் இவ்வளவுதான். இதை நான் பதினாறு பக்கம் எழுதியிருந்தேன்.

கிணற்றிலிருந்து ஒரு பெண் குடத்தோடு எதிரே வந்தாள். வெள்ளைச் சேலை. முனுசாமி வண்டிக்காரன் தோளைப் பிடித்தான்.

"ஐயே, நிறுத்துப்பா! சகுனம் சரியில்ல சார். கொஞ்ச நேரம் குந்திட்டுப் போவலாம்."

அவள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு வழியைவிட்டு விலகி நடந்தாள். பகுத்தறிவைப் பற்றி முனுசாமிக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். செய்தபடியே வண்டியில் உட்கார்ந்துதான் இருந்தேன்.

ஊர் மணியக்காரர் நல்ல மனிதர். வாசலிலேயே பித்தளைச் சொம்பை நீட்டினார். "வாங்க சாமி, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

சொம்பைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் மேல்துண்டை மடித்துச் சொம்பின் வாயில் வைக்கப் போனேன்.

"ஏனுங்க, எங்க ஊட்டுத் தண்ணில அழுக்கு இருக்குதுங்களா?" என்றார். கோபமாக இல்லை; வருத்தமாக. விருந்தாளி வந்த வேளையில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வடிகட்ட என்னால் முடியவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடகடவென்று குடித்துவிட்டேன். பதினாறு பக்கத்தில் எந்தப் பக்கத்திலும் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை.

உள்ளே கட்டிலில் அவர் மனைவி பழனியம்மாள் படுத்திருந்தார். வலது பாதம் வீங்கியிருந்தது. வேப்பிலை அரைத்துப் பற்றுப் போட்டிருந்தார்கள். "போன வருசம் எடது, இந்த வருசம் வலது. வெதைப்புக்கு எந்திரிக்க முடியாது போலிருக்குதுங்க. அடுத்த வருசமும் வந்துதுன்னா காட்டைத் தரிசாப் போட வேண்டியதுதான்," என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே எனக்குச் சந்தகை பிழியச் சொல்லி ஆளை விரட்டினார். தேங்காய்ப் பாலும் வெல்லமுமாக ஒரு தட்டுச் சாப்பிட்டேன். எங்கள் ஊர் சேவை இதற்குக் கைகட்டி நிற்க வேண்டும்.

சாயங்காலம் வீடு வீடாக விசாரணை.

"படம் பார்த்தீங்களா?"

"ஆமாங்க."

"பிரசங்கம் புரிஞ்சுதா?"

"ஆமாங்க."

"பயனடைஞ்சீங்களா?"

"ஆமாங்க."

காலை நீட்டிப் படுத்திருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். படிவம் மளமளவென்று நிரம்பியது. பத்தாவது வீட்டில் எனக்குச் சந்தேகம் வந்தது. "பிரசங்கத்துல ஒரு வார்த்தைகூடப் புரியலை, இல்லையா?" என்று கேட்டுப் பார்த்தேன். "ஆமாங்க." "அதனால ஒரு பிரயோசனமும் இல்லை?" "ஆமாங்க, ஆமாங்க." எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நீங்கள் வாயைத் திறக்குமுன் மூன்று பேர் மறுத்துப் பேசியிருப்பார்கள். இங்கே சர்க்கார் ஆள் சொன்னதை இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு. சூரியன் மேற்கே உதிக்கிறது என்று படிவத்தில் அச்சடித்திருந்தாலும் ஊரே ஒப்புக்கொண்டிருக்கும்.

தெருக் கோடியில் ஒரு வீடு பாக்கி இருந்தது. "அது யார் வீடு?" என்றேன். "அங்க ஆருமில்லீங்க, வாங்க," என்றார் மணியக்காரர். கூரையிலிருந்து அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டும் திரும்பி வந்தேன்.

நாலாம் நாள் காலையில் படிவக் கட்டைப் பையில் போட்டேன். ஆமாங்க என்று பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று வேண்டியிருந்தது. முனுசாமியின் பெட்டியிலிருந்து ஐந்து கண்ணாடிகளையும் எடுத்துக்கொண்டு பழனியம்மாள் கட்டிலண்டை போனேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசற்படியில் கூடினார்கள். ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்து, "இதுல என்ன நடக்குது, நீங்களே சொல்லுங்க," என்றேன்.

"கெணறுங்க. நம்ம படிக்கெணறாட்டமே இருக்குது."

"இது என்னமோ பூச்சிங்க."

"ஒரு ஆம்பளைக்குக் காலுல நரம்பு வந்திருக்குதுங்க. ஐயோ பாவம்."

"வலி பொறுக்க மாட்டாம அந்த மனுசன் கெணத்துல எறங்கறாருங்க."

எல்லாம் சரியாக வருகிறதே என்று ஐந்தாவதைத் தூக்கினேன். ஒரு பெண் குடத்தின் வாயில் துணியைக் கட்டித் தண்ணீரை வடிகட்டுகிறாள். பிரசங்கத்தின் உயிரே அந்தப் படம்தான். வாசற்படியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்தே போய்விட்டாள்.

"அதைய உள்ளார வைங்க சாமி," என்றார் பழனியம்மாள்.

"ஏம்மா?"

"கெணத்துல எறங்குன ஆளு திரும்பி வரலீங்களே. அப்பறம் பொண்டாட்டி வெள்ளைச் சீலை கட்டிக்கிட்டு, பொட்டு இல்லாம, தாலி இல்லாம, கொடத்துக்குத் துணி கட்டறா. கருமாதிக்குத்தானுங்களே? போன வருசம் இதையக் காட்டுனதும், கட்டுக்கழுத்திக பாக்கக் கூடாதுன்னு அல்லாரும் எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிட்டோம்."

"ஐந்தாம் படத்தின்போது மாதர்கள் சமையலின் நிமித்தம் கலைந்தனர்" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது. மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் புருஷனை இழந்தவள்தான் வெள்ளைச் சேலை கட்டுவாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தூய்மைக்கு அடையாளமாக வெள்ளை உடுத்துங்கள் என்று ஓவியருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். எந்த மதத்தாரும் மனம் நோகக் கூடாது என்று பொட்டையும் தாலியையும் எடுக்கச் சொன்னது எங்கள் கமிட்டி. கமிட்டியில் எட்டுப் பேர், எட்டும் ஆண்பிள்ளைகள். கூடிப் பேசி ஒருத்தியை விதவையாக்கிவிட்டு டீ குடித்துவிட்டுக் கலைந்திருக்கிறோம்.

முனுசாமியைச் சைக்கிளில் இராசிபுரத்துக்கு அனுப்பினேன். நூலுக்குச் சாயம் போடுகிறவரிடம் கொஞ்சம் சிவப்பு வாங்கிவந்து, வேப்பம் பிசினில் குழைத்து, தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றிப் பூசினான். சேலை சிவப்பாயிற்று. கழுத்துக்கு மஞ்சள் கோடு. பொட்டுத்தான் கொஞ்சம் தூக்கல். இருட்டினதும் கோயில் முன்னால் திரையில் அது விழுந்தபோது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர ஒருத்தி எழுந்திருக்கவில்லை. பழனியம்மாளைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். அவர் முதல் வரிசை.

பிரசங்கத்தை நான் எடுக்கவே இல்லை. நாலே வாக்கியம் சொன்னேன். "பழைய சீலை ஆகுங்களா?" "துணியத் தெனமும் தொவைக்கோணுங்களா?" "ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைக்குக் குடுக்கறதையும் வடிக்கட்டலாமுங்களா, தப்பா நெனைக்க மாட்டாங்களா?" என்று கேள்விமேல் கேள்வி. மணியக்காரர் தொண்டையைக் கனைத்தார். எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தைச் சொல்லி முடியாது. "பிழை கண்டறிந்து திருத்தப்பட்டது" என்று அன்றைக்கே ரிப்போர்ட்டின் கடைசி வரியை மனசில் எழுதிவிட்டேன்.

ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் வண்டி கட்டிக் கிளம்பினோம். கிணற்றடியில் அதே வெள்ளைச் சேலைப் பெண். முனுசாமி வண்டிக்காரன் தோளைத் தொடுமுன் நான் அவள் கையைப் பார்த்தேன். ஒரு வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து, குடத்தின் வாயில் இழுத்துக் கட்டி, தண்ணீரை நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து குதித்தேன்.

"இதை யாரும்மா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

அவள் இரண்டடி பின்னால் போனாள். "நீங்கதானுங்களே. போன வருசம் படங்காட்டுனப்ப."

"நீங்க பாத்தீங்களா?"

"திரைக்கு அந்தப் பக்கமா நின்னு பாத்தனுங்க. கூட்டத்துல வந்து நாங்க உக்காரக் கூடாதுங்களே. அங்கிருந்தும் படம் தெரியுது. எடது வலது மாறித் தெரியும், அவ்வளவுதானுங்க."

"பிரசங்கம் கேட்டுதா?"

"அது வெளங்கலீங்க. பொறகு பொட்டி கட்டறப்ப, துணிய ரெண்டா மடிச்சு வடிக்கட்டிக் குடிச்சா நரம்பு வராதுன்னு இவருதான் சொன்னாரு." முனுசாமி தலையைச் சொறிந்துகொண்டான்.

பாதங்களைப் பார்த்தேன். பழைய தழும்புகள் நிறைய. புதிதாக ஒன்றும் இல்லை. "வருசா வருசம் வருமுங்க. இந்த வருசந்தான் வரலை."

"ஊர்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஆருங்க கேட்டாங்க?"

தெருக் கோடியில் அடுப்புப் புகை வந்த வீடு அவளுடையது. பெயர் பாவாயி. ஊரெல்லாம் கேட்டு ஊரெல்லாம் படிவம் நிரப்பியவன், சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே ஆளின் வாசலில் கால் வைக்காமல் வந்திருக்கிறேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, கைகளில் ஊற்றினாள். அந்த ஊரில் பயமில்லாமல் குடித்த தண்ணீர் அது ஒன்றுதான்.

"நேத்தும் அங்கதானுங்க நின்னேன்," என்றாள். "அந்தப் பொம்பளைக்குச் செவப்புச் சீலை கட்டிப்போட்டீங்களே."

"ஆமாம்மா."

"நான் அது எனக்குச் சொன்னதுன்னு நெனச்சுப்போட்டனுங்க. ஊட்டுக்காரரு போனப்பறமும் அவ தண்ணி குடிக்கோணுமில்லீங்க? எங்களாட்டம் ஒருத்தியையும் சர்க்காருல நெனச்சுப் படம் போட்டிருக்கறாங்கன்னு அதையே நெனச்சுக்கிட்டுத்தான் தெனமும் துணி கட்டுனேன்." துணியைப் பிழிந்து உதறினாள். "இனி நான் வடிக்கட்டோணுங்களா, வேண்டாங்களா?"

"வடிகட்டுங்கம்மா. அது உங்களுக்கும்தான்."

"அப்பறம் எதுக்குங்க அவ சீலைய மாத்துனீங்க?"

எத்தனையோ பிரசங்கம் எழுதியிருக்கிறேன். கடைசியில் உண்மையைச் சொன்னேன். "வெள்ளைச் சேலையைப் பாத்ததும் மத்தவங்க எழுந்து போயிட்டாங்க."

"ஆமாங்க," என்றாள். "எந்திரிச்சுத்தான் போவாங்க."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் வண்டி முதலில் போகட்டும் என்று வழியைவிட்டு ஒதுங்கி நின்றாள். மூன்று நாளில் அந்த ஊரில் நான் வாங்கிய அத்தனை ஆமாங்கவிலும் அது ஒன்றுதான் நிஜம். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஐந்தாவது படத்தை இரண்டாக்கிச் சிவப்பில் ஒருத்தி, வெள்ளையில் ஒருத்தி போட வேண்டும் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். கமிட்டி கூடிற்று. "வடிகட்டுவதற்கு ஒரு ஸ்திரீ போதுமானது" என்று பதில் வந்தது. முனுசாமி மட்டும் போன வாரம் ஒரு வெற்றுக் கண்ணாடியைப் பெட்டியிலிருந்து திருடி வந்து, பேசாமல் என் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

காலை நீட்டிக்கொண்டு நானே வரைந்துகொண்டிருக்கிறேன். குடம் வந்துவிட்டது, துணி வந்துவிட்டது, சேலைக்குச் சாயமே வேண்டாம். முகம்தான் சரியாக அமையமாட்டேன் என்கிறது. கால் ஆறியதும் போக வேண்டும். லாந்தரும் திரையும் தேவையில்லை. அவள் கிணற்றுக்கு வருவது உச்சி வெயிலில். கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும்.